ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் முனைவர், முதுமுனைவர் ஆய்வுப் பணியிடங்கள்: தமிழியல் ஆய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள விழையும் தமிழ்நாட்டு ஆய்வாளர் பலர், சேர்க்கை அறிவிப்பு, நுழைவுத்தேர்வு, நேர்காணல், இட ஒதுக்கீடு என்னும் இங்குள்ள வரிசையையே அங்கும் எதிர்பார்க்கின்றனர். ஜெர்மன் முறையில் நெறியாளரின் இசைவு ஒரு வாயில். ஆய்வுக் காலத்துக்குரிய ஊதியம் மற்றொரு வாயில். இவ்விரண்டும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழியல் சார்ந்த பணியிடங்கள் ‘தமிழ்த்துறை’ என்னும் பெயரின்கீழ் அரிதாகவே கிடைப்பதால், அவற்றைத் தேடவேண்டிய இடங்களும், தமிழில் பயின்ற ஆய்வாளர் தம் திட்ட வரைவை அமைத்துக்கொள்ளவேண்டிய முறையும் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்துக் கோயிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஜெர்மன் பல்கலைக்கழகங்கள், முனைவர் பட்ட ஆய்வு, முதுமுனைவர் ஆய்வு, தமிழியல், ஆய்வுத் திட்ட வரைவு, உதவித்தொகை.

முன்னுரை

தமிழறிவு ஜெர்மனிக்குச் சென்ற வரலாறு மூன்று நூற்றாண்டுப் பழமையுடையது. 1714ஆம் ஆண்டு தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட சீகன்பால்குவுடன் மலையப்பன் என்னும் தமிழர் ஒருவர் சென்று, அங்கு அவருடைய தமிழ்ப் பணிகளுக்குத் துணைநின்றார். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலே நகரில் அச்சாயிற்று. பின்னாளில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பணியாற்றி, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதியை 1890இல் வெளிக்கொணர்ந்த ஹுல்ட்ஷ், அதே ஆலே நகரில் பேராசிரியராக அமர்ந்தார். மலையப்பனின் பெயரைத் தமிழிலக்கண வரலாறு கற்றோரும் பெரும்பாலும் அறிந்திலர் என்பது தனியே எண்ணத்தக்கது.

இன்று நிலைமை வேறு. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர்ப் பகுதிகளில் உள்ள கல்லூரிகளில் முதுகலைப் பட்டத்துடன் பணியாற்றும் இளம் விரிவுரையாளர்கள் பலர். அவர்களுள் வெளிநாட்டில் ஆய்வு செய்யும் விருப்பமுடையோர் முதலில் நாடுவது வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களை. அந்நிலையங்கள் முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம்; முனைவர் பட்ட ஆய்வுக்கு அவற்றால் ஆவது மிகக் குறைவு. நெறியாளரின் இசைவை இடைத்தரகர் எவரும் பெற்றுத்தர இயலாது. அதற்கெனக் கட்டணம் கேட்கப்படுமாயின் அதுவே எச்சரிக்கை மணி.

நெறியாளரின் இசைவு

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, காலியிடங்கள் அறிவிக்கப்பட்டுத் தகுதித் தேர்வு அல்லது நுழைவுத்தேர்வு, நேர்காணல் ஆகியவற்றின் வழியே சேர்க்கை நிகழ்கிறது. ஜெர்மனியில் பெருவழக்காக உள்ள தனிநிலை முனைவர் ஆய்வில் நுழைவுத்தேர்வு என ஒன்றில்லை. ஆய்வாளர் தமக்குரிய பேராசிரியரைத் தாமே கண்டறிந்து எழுதவேண்டும். பேராசிரியர் இசைந்தால் அதனை எழுத்து வடிவில் தருவார். அம்மடலைப் பெற்ற பின்னரே புலத்தின் முனைவர் பட்டக் குழு, தன் பட்ட விதிமுறைகளின்படி அவரை ஆய்வாளராக ஏற்றுக்கொள்கிறது. நெறியாளரை ‘ஆய்வுத் தந்தை’ அல்லது ‘ஆய்வுத் தாய்’ எனப் பொருள்படும் சொற்களாலேயே ஜெர்மானியர் வழங்குகின்றனர். அவ்வுறவின் நெருக்கத்தையும் அதிலுள்ள அதிகாரச் சாய்வையும் அச்சொற்கள் ஒருங்கே காட்டுகின்றன.

புலக்குழு முதலில் பார்ப்பது முதுகலைப் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகராக ஏற்கப்படுமா என்பதை. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களையும் பட்டங்களையும் மதிப்பிட்டுப் பட்டியலிடும் ‘அனாபின்’ என்னும் தரவுத்தளம் அங்கு உண்டு. அதில் தம் பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகம் ‘ஹெச் பிளஸ்’ என்னும் குறியுடன் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்குமுன் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளவேண்டும். இணைவுக் கல்லூரியில் பயின்றோர் கல்லூரியின் பெயரைத் தேடாமல், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுதல் வேண்டும்.

இதனினும் வேறுபட்டது கட்டமைக்கப்பட்ட முனைவர் திட்டம். ஒரு பொதுக் கருப்பொருளின்கீழ்ப் பேராசிரியர் பலர் ஒன்றிணைந்து, ஜெர்மன் ஆய்வு நிதியமான டி.எஃப்.ஜி.யின் நிதியுடன் நடத்தும் ஆய்வுப் பயிற்சிக் குழுக்கள் இதில் அடங்கும். இவற்றில் இடங்கள் முறைப்படி அறிவிக்கப்படும், நேர்காணலும் உண்டு. நம் சேர்க்கை முறைக்கு மிக அண்மையில் இருப்பது இதுவே. எனினும் குழுவின் கருப்பொருளுக்குள் தம் தலைப்பைப் பொருத்திக் காட்டவேண்டிய கட்டாயம் இங்கு உள்ளது.

ஊதியம்

நெறியாளர் இசைந்துவிட்டார் என்பதால் பணம் வந்துவிடுவதில்லை. பலர் இடறும் இடம் இது. இசைவு மடலும் பதிவும் பெற்ற பின்பும், மூன்று நான்கு ஆண்டுகள் வாழ்வதற்கான வழியை ஆய்வாளர் தனியே தேடவேண்டியிருக்கும்.

முதல் வழி பணியிடம். ஜெர்மன் அறிவிப்புகளில் ‘முனைவர் பட்ட மாணவர் தேவை’ என்னும் தொடர் பெரும்பாலும் இராது. ‘ஆய்வுப் பணியாளர், ஊதிய நிலை ஈ 13, 65 விழுக்காடு, மூன்று ஆண்டு’ என்றே இருக்கும். இதன் பொருளை அறியாத நம்மவர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். ஈ 13 என்பது மாநிலப் பொதுப்பணி ஊதிய ஒப்பந்தத்தில் பட்டதாரி ஆய்வாளருக்குரிய நிலை. அதன் தொடக்கப்படியில் முழுப் பணிக்கான மாத ஊதியம் 2025 பிப்ரவரி நிலவரப்படி ஏறத்தாழ 4,630 யூரோ. மனிதவியல் துறைகளில் முனைவர் ஆய்வாளருக்கு 50 அல்லது 65 விழுக்காட்டுப் பணியே பெரும்பாலும் கிடைப்பதால், 65 விழுக்காடு எனில் ஏறத்தாழ 3,000 யூரோ மொத்த ஊதியமாகும். வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவை அதிலிருந்தே கழியும். தாளில் 65 விழுக்காடு என்றிருந்தாலும் ஆய்வாளர் உழைப்பது முழு நேரமே என்பதை அங்குள்ளோர் மறைப்பதில்லை.

இரண்டாவது வழி உதவித்தொகை. ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் இந்திய ஆய்வாளர்க்கு வழங்கும் முனைவர் ஆய்வு உதவித்தொகை இவற்றுள் பலரும் அறிந்தது. இதில் நம் விரிவுரையாளர்கள் கருத்திற்கொள்ளவேண்டிய விதி ஒன்றுண்டு: விண்ணப்பிப்பவர் தம் இறுதிப் பட்டத்தை முடித்து ஆறாண்டுகளுக்கு மேல் ஆகியிருத்தல் பொதுவாக ஏற்கப்படுவதில்லை, ஏற்கெனவே முனைவர் ஆய்வைத் தொடங்கியவராயின் தொடங்கி மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. முதுகலை முடித்துப் பத்தாண்டு கல்லூரியில் பணியாற்றியவர்க்கு இவ்வாயில் அடைபட்டதாகவே கொள்ளவேண்டும். ஆனால் முன்னர்க் கூறிய பணியிடங்களுக்கு அத்தகைய ஆண்டு வரம்பு இல்லை. ஆகவே வயதும் பணியனுபவமும் கூடியவர்கள் உதவித்தொகை விண்ணப்பங்களில் காலத்தைச் செலவிடாமல் திட்டப் பணியிடங்களையே நோக்குவது தக்கது.

இங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் ஏற்கெனவே பதிவுசெய்துள்ளோர்க்கு டாட் வழங்கும் குறுங்கால ஆய்வு உதவித்தொகை ஏற்றது. ஆறு மாதங்கள் வரை ஜெர்மனியில் தங்கி, ஆலேயிலுள்ள பிராங்கே நிறுவனங்களின் ஆவணங்களையோ ஹாம்பர்க் நகர நூலகத்தின் தமிழ் ஓலைச்சுவடிகளையோ பார்வையிட்டுத் திரும்பலாம். முழு ஆய்வையும் அங்கு செய்யவேண்டும் என்னும் பிடிவாதம் இல்லாதவர்க்கு இதுவே சிறந்த தொடக்கம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நெறியாளர் ஒருவரை நேரில் அறிந்துகொள்ளும் வாய்ப்பும் இதனால் அமைகிறது.

மூன்றாவது வழி சொந்தப் பணம். முனைவர் ஆய்வுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை செலுத்தும் சிறு பங்களிப்பு மட்டுமே. ஆயினும் மாணவர் விசாவுக்கு ஆண்டொன்றுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைத்துக் காட்டவேண்டும். தனியார் கல்லூரி விரிவுரையாளரின் ஊதியத்தில் இத்தொகையைச் சேர்ப்பது எளிதன்று. கடன் பெற்றுச் செல்வதோ மனிதவியல் ஆய்வில் பொருளற்ற துணிவு.

தமிழியல் இருக்கும் இடங்கள்

ஜெர்மனியில் தமிழ் என்றதும் கொலோன் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல், தமிழியல் நிறுவனமே நினைவுக்கு வரும். அந்நிறுவனத்தின் தமிழ் நூலகமும் இணையத் தமிழ் அகராதிப் பணிகளும் பலருக்குப் பயன்பட்டவை. பேராசிரியர் ஓய்வுபெற்ற பின் அங்குத் தமிழ் தொடருமா என்னும் ஐயம் எழுந்தபோது, தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் வழங்க முன்வந்தது. ஒரு பேராசிரியர் பணியிடத்தைச் சார்ந்தே ஒரு துறையின் இருப்பு அமைகிறது என்பதற்கு இது சான்று. நெறியாளரைத் தேடுவோர் அவர் இன்னும் எத்தனை ஆண்டு பணியில் இருப்பார் என்பதை அறிந்துகொள்ளுதல் நாகரிகக் குறைவாகாது.

இன்று செவ்வியல் தமிழுக்குரிய பணியிடங்கள் மிகுதியும் தோன்றுவது ஹாம்பர்க்கில். பேராசிரியர் எவா வில்டன் அங்குத் தமிழும் சுவடியியலும் சார்ந்த இருக்கையில் உள்ளார். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் ஹாம்பர்க்கும் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியும் இணைந்து நடத்திய ‘நேத்தமிழ்’ திட்டம் 2014இல் தொடங்கியது. அதன் தொடர்ச்சியெனத் தக்க ‘தமிலெக்ஸ்’, செவ்வியல் தமிழ் இலக்கியத்துக்கான மின் தொகுப்பையும் வரலாற்று முறைச் சொல்லகராதியையும் உருவாக்கும் திட்டம். 2023இல் ஹாம்பர்க் அறிவியல் கழகத்தின்கீழ்த் தொடங்கிய இதற்கு 24 ஆண்டுக் காலம் வகுக்கப்பட்டுள்ளது. மூன்றாண்டுத் திட்டங்களுக்கே பழகிய நமக்கு இக்கால அளவு வியப்பளிக்கும். இத்தகைய நெடுந்திட்டங்களில் ஆய்வுப் பணியிடங்கள் இடையிடையே காலியாவது இயல்பு. எழுதப்பட்ட பொருள்களை ஆராயும் ஹாம்பர்க்கின் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையமும் உலகின் பல மொழிச் சுவடிகளோடு தமிழ்ச் சுவடிகளுக்கும் இடமளிக்கிறது.

இவற்றுக்கு அப்பால் ‘தமிழ்’ என்னும் சொல்லே இல்லாத அறிவிப்புகளில் தமிழாய்வாளர்க்குரிய இடங்கள் மறைந்துள்ளன. ஹைடல்பர்க்கில் 1962 முதல் இயங்கும் தெற்காசிய நிறுவனத்தில் வரலாறு, மானிடவியல், சமயம், அரசியல் ஆகியன ஒரே கூரையின்கீழ் உள்ளன. கோட்டிங்கனில் நவீன இந்திய ஆய்வு மையம் உள்ளது. தொழிலாளர் வரலாறு, சாதி, நகர்மயம், திரைப்படம், சமய மாற்றம், கணினிவழி மொழியாய்வு எனப் பல அறிவிப்புகள் ‘தென்னிந்திய மொழியொன்றில் தேர்ச்சி விரும்பத்தக்கது’ என்னும் ஒரு வரியுடன் முடியும். அவ்வரியே நமக்குரியது.

தேடும் முறையைப் பொறுத்தவரை, வேலை அறிவிப்புகளை நாள்தோறும் பார்ப்பதைவிட நிதியளிக்கப்பட்ட திட்டங்களின் பட்டியலைப் பார்ப்பது பயன் தரும். டி.எஃப்.ஜி. நிதியளித்த திட்டங்கள் அனைத்தும் ‘கெப்ரிஸ்’ என்னும் திறந்த தரவுத்தளத்தில் திட்டத் தலைவரின் பெயருடனும் சுருக்கத்துடனும் உள்ளன. ஒரு திட்டத்துக்கு நிதி ஒப்புதலான சில திங்களில் அதற்கான பணியிடங்கள் அறிவிக்கப்படும். முன்னரே அத்திட்டத்தை அறிந்தவர் அதற்கேற்ப எழுத இயலும். வேலை அறிவிப்புகளுக்கு அகடமிக்ஸ், யுராக்சஸ் ஆகிய தளங்களும் டாட் நிறுவனத்தின் முனைவர் பணியிடத் தொகுப்பும் போதுமானவை.

ஆய்வுத் திட்ட வரைவு: ஓர் எடுத்துக்காட்டு

நம் ஆய்வாளர் பின்தங்குவது பெரும்பாலும் இங்கேதான். உரைகளோடு மூலம் பயிலும் பயிற்சி, யாப்பறிவு, கல்வெட்டெழுத்தும் ஓலையெழுத்தும் படிக்கும் திறன், வட்டார வழக்கறிவு ஆகியவற்றில் தமிழ்நாட்டில் பயின்றவர்க்கு நிகர் ஐரோப்பாவில் அரிது. அத்திறன்கள் ஓர் ஆய்வு வினாவாகத் திரளாமல் ‘ஓர் ஆய்வு’ என முடியும் தலைப்பாகவே நின்றுவிடுகின்றன.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். சோழர் காலக் கல்வெட்டுகளை உடைய இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கருவறை விமானம் யானையின் பின்புறம் போன்று வளைந்த தூங்கானை மாட அமைப்புடையது. அருணகிரிநாதர் இத்தலத்தைப் பாடியுள்ளார். உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் ‘மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் – ஓர் ஆய்வு’ எனத் தலைப்பிட்டுத் தலவரலாறு, கட்டடக்கலை, கல்வெட்டு, விழாக்கள் என இயல் பிரிப்பார். இது நல்ல தலநூலாகலாம். ஜெர்மன் பேராசிரியர் இதனைப் படித்துக் கேட்கும் முதற்கேள்வி: ‘இதில் நீங்கள் அறிய விரும்புவது என்ன?’

அதே செய்திகளை வேறு வகையில் தொகுக்கலாம். தூங்கானை மாடக் கோயில்கள் தொண்டை மண்டலத்தில் மிகுந்து காணப்படுகின்றன. மாமல்லபுரத்துச் சகாதேவ இரதம், திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில், மாடம்பாக்கம் எனப் பல்லவர் காலந்தொட்டு இவ்வடிவம் தொடர்கிறது. தமிழகத்தின் பிற பகுதிகளினும் இங்கு இது நிலைபெற்றது ஏன்? கட்டுவித்தோர் யார்? அவர்களுடைய கொடைகள் கல்வெட்டுகளில் எவ்வாறு பதிவாகின்றன? கற்றளியாக மாற்றியபோதும் பழைய வடிவத்தைக் காத்தனரா? இவ்வினாக்களை எழுப்பி, எத்தனை கோயில்கள், எத்தனை கல்வெட்டுகள், எம்முறையில் ஒப்பிடப்படும் என்பதைக் கூறினால் அது ஆய்வுத் திட்டமாகிறது. மாடம்பாக்கம் இப்போது தலைப்பாக இராமல் சான்றுகளுள் ஒன்றாக அமைகிறது. இதனை அனுப்பவேண்டியவரும் மாறுகிறார்: தமிழ்ப் பேராசிரியரைவிடத் தென்னாசியக் கலை வரலாறு அல்லது இடைக்கால வரலாறு கற்பிப்பவரே உரியவர்.

திட்ட வரைவு ஐந்து முதல் பத்துப் பக்கங்களுக்குள் அமைவது மரபு. அதில் முன்னாய்வுகளின் மதிப்பீட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. தமிழில் வெளிவந்த ஆய்வுகளை மட்டும் குறிப்பிடுவது போதாது; ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றில் அப்பொருள் குறித்து வந்தவற்றையும் படித்து, அவற்றோடு உடன்படும் இடத்தையும் மாறுபடும் இடத்தையும் சுட்டவேண்டும். தமிழில் மட்டும் கிடைக்கும் ஆய்வுகளை அங்குள்ளோர் பெரும்பாலும் அறியார்; அவற்றை அறிமுகப்படுத்துவதே ஆய்வாளரின் தனி வலிமையாகலாம். ஆய்வேடு ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோதான் எழுதப்படும். ஆகவே தமிழ்வழிப் பயின்றவர் தம் ஆய்வுக் கட்டுரை ஒன்றையேனும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய பின் விண்ணப்பிப்பது நன்று. ஜெர்மன் மொழியறிவு பணியிடத்துக்குக் கட்டாயமாகாத இடங்கள் பல உள்ளன. ஆயினும் நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் ஓராண்டேனும் பயின்று செல்வோர் அலுவலக மடல்களைக் கண்டு திகைப்பதில்லை.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மடல் ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது. ‘தங்கள் மேன்மைமிகு பல்கலைக்கழகத்தில்’ எனத் தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே நாளில் அனுப்பப்படும் மடல்களை அவர்கள் நன்கு அறிவர். அப்பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, அது தம் வினாவோடு தொடர்புறும் இடத்தை இரண்டு வரிகளில் எழுதினாலே மடல் வேறுபட்டுவிடும். மூன்று வாரம் மறுமொழி இல்லையெனில் ஒருமுறை நினைவூட்டலாம். ஜூலை இறுதி முதல் செப்டம்பர் வரை விடுமுறைக் காலமாதலால் அப்போது எழுதியவற்றுக்கு விடை தாமதமாகலாம்.

முதுமுனைவர் நிலை

முனைவர் பட்டம் முடித்தோர்க்கு அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் அறக்கட்டளையின் ஆய்வு நல்கை முதன்மையானது. பட்டம் பெற்ற நான்காண்டுக்குள் முதுமுனைவர் பிரிவிலும், பன்னிரண்டு ஆண்டுக்குள் அனுபவமிக்க ஆய்வாளர் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். நாடு வாரியாகவோ துறை வாரியாகவோ ஒதுக்கீடு இல்லை. ஆண்டு முழுவதும் விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. ஜெர்மனியில் தம்மை வரவேற்கும் பேராசிரியர் ஒருவரின் மடலும், தரமான இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளும் வேண்டும். பட்டம் பெறுவதற்காக அவசரத்தில் வெளியிட்ட கட்டுரைகள் இங்குத் துணைசெய்யா.

பணியிடமாகவே முதுமுனைவர் ஆய்வை ஏற்போர் அறியவேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2007இல் இயற்றப்பட்ட அறிவியல்துறைக் குறித்தகாலப் பணி ஒப்பந்தச் சட்டத்தின்படி, முனைவர் பட்டத்துக்கு முன் ஆறாண்டும் பின் ஆறாண்டும் குறித்தகால ஒப்பந்தத்தில் பணியாற்றலாம். அதன்பின் நிலையான பணியிடமோ தனித் திட்ட நிதியோ இல்லையெனில் வெளியேறவேண்டியதே. இதனை எதிர்த்து 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ‘நான் ஹன்னா’ என்னும் பெயரில் பெரும் எதிர்ப்பியக்கம் நடத்தினர். மனிதவியல் துறைகளில் நிலையான பணியிடங்கள் மிகச் சில. அங்கேயே தங்கிவிடலாம் என்னும் எண்ணத்துடன் இங்குள்ள நிலையான பணியைத் துறந்து செல்வோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

விடுப்பும் மீள்வருகையும்

பணி ஒப்பந்தத்துடன் செல்வோர் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் ஆய்வாளர் அல்லது பணி விசாவுக்கு விண்ணப்பிப்பர். அவர்க்கு முடக்கக் கணக்கு தேவையில்லை. கல்லூரியில் பணியிலிருப்போர் தடையின்மைச் சான்றையும் கல்வி விடுப்பையும் முன்னரே உறுதிசெய்துகொள்ளவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் மூன்றாண்டுத் தொடர் பணிக்குப் பின்னரே கல்வி விடுப்புக்கு உரியவராகிறார். சுயநிதிக் கல்லூரிகளில் இவ்விடுப்பு நடைமுறையில் அரிது. அங்குப் பணியைத் துறந்தே செல்லவேண்டிவரும்.

அதே ஒழுங்குமுறைகளில் திரும்பி வருவோர்க்குப் பயன்படும் விதியும் உள்ளது. கியூ.எஸ்., டைம்ஸ், ஷாங்காய் ஆகிய உலகத் தரவரிசைகளுள் ஒன்றில் முதல் 500 இடங்களுக்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தேசியத் தகுதித் தேர்வு இன்றியே உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதியுடையவர். ஹாம்பர்க், ஹைடல்பர்க், கொலோன், கோட்டிங்கன் ஆகியவை இவ்வரம்புக்குள் வருவன. சிறிய பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுப்போர் பதிவுசெய்யுமுன் இதனைச் சரிபார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஜெர்மன் முறையில் வாய்மொழித் தேர்வில் தேறியவுடன் முனைவர் எனப் போட்டுக்கொள்ள இயலாது. ஆய்வேட்டை நூலாகவோ பல்கலைக்கழக மின்களஞ்சியத்திலோ வெளியிட்டு, உரிய படிகளை நூலகத்தில் ஒப்படைத்த பின்னரே பட்டச் சான்றிதழ் கைவரும். நூலாக வெளியிடுவோர்க்கு இது ஓராண்டுக்கு மேலும் நீளலாம். விடுப்பு முடிந்து மாடம்பாக்கம் திரும்பிப் பணியில் சேரும் நாளில் பட்டச் சான்றிதழ் கையில் இராது. தேர்வில் தேறியமைக்கான தற்காலிகச் சான்றை, ஆங்கில வடிவில், புல அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொண்டே அங்கிருந்து புறப்படவேண்டும்.